நிறுத்தினால்தானே தொடங்கி வைக்கலாம்

கோள்பயண வாரியத்தின் மூன்றாவது மாடியில், கழிவறைக்கும் மாடிப்படிக்கும் நடுவே இருந்த அறையில் பாதையக்கா பதினோரு வருடமாக உட்கார்ந்திருந்தாள். விண்கலம் எந்த நாளில் எந்தப் பக்கம் திரும்பி, எவ்வளவு நேரம் உந்தினால், அந்தக் கோளைப் போய்ப் பிடிக்கும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. அந்தப் பதவிக்குக் கதவில் ஒன்றரை வரி நீளத்துக்கு ஒரு பெயர் எழுதியிருந்தார்கள். அது யார் வாயிலும் நுழையவில்லை. அதனால் சின்னவர்கள் பாதையக்கா என்றார்கள், பெரியவர்கள் பாதை மேடம் என்றார்கள். வீட்டில் மட்டும் அவளுக்குச் சொந்தப் பெயர் இருந்தது.

கலத்தில் இருந்தது சூரிய மின் எஞ்சின். இரண்டு பக்கமும் பெரிய பலகைகளை விரித்து வெயிலை வாங்கி மின்சாரமாக்கும். அந்த மின்சாரத்தால் செனான் என்கிற வாயுவைத் துகள் துகளாகப் பின்னால் விரட்டும். விரட்டுகிற வேகத்தில் கலம் முன்னால் நகரும். சத்தம் கிடையாது, புகை கிடையாது, லேசான நீல வெளிச்சம் மட்டும்தான். அதன் தள்ளுவிசை, உள்ளங்கையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்தால் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு. ஆனால் அங்கே தடுப்பதற்கு ஆள் இல்லை, காற்று இல்லை. அந்தத் தாள் கனத்தையே விடாமல் தொள்ளாயிரத்து நாற்பது நாள் கொடுத்துக்கொண்டிருந்தால் வேகம் சேர்ந்து சேர்ந்து, எந்த ராக்கெட்டும் போகாத வேகத்தில் போய்விடும். விடாமல் என்பதுதான் அதில் முக்கியமான சொல். வாரியத்துக்குக் கடைசிவரை பிடிபடாத சொல்லும் அதுதான்.

பாதையக்கா முன்ஜாக்கிரதைக்காரி. வழியில் ஏதாவது கோளாறு வந்து எஞ்சின் நின்றுபோனாலும் சமாளிக்கலாம் என்று இருபத்தாறு நாள் உபரி வைத்துத்தான் பாதை போட்டிருந்தாள். இருபத்தாறு நாள்வரை நிற்கலாம். இருபத்தேழாவது நாள் நின்றால், கலம் போய்ச் சேருகிற இடத்தைக் கோள் அதற்கு முன்பே தாண்டிப் போயிருக்கும். அது தன் பாட்டுக்குச் சுற்றுகிற உருண்டை. யாருக்காகவும் நிற்காது.

கலம் ஏவப்பட்டு, எஞ்சினை முதன்முதலில் முடுக்க வேண்டிய நாளில் வாரியத் தலைவருக்குக் கடைவாய்ப்பல் பிடுங்கினார்கள். அதனால் துணைத்தலைவர் வந்து பொத்தானை அமுக்கினார். எஞ்சின் ஓடத் தொடங்கியது. நான்கு மாதம் ஒரு வம்பும் இல்லை. பாதையக்கா காலையில் வருவாள், பதிவேட்டில் தேதி போட்டு ‘இயங்குகிறது’ என்று எழுதுவாள், காபி குடிப்பாள்.

ஐந்தாவது மாதம் விழா அலுவலர் அவள் அறைக்கு வந்தார். வாரியத்தில் விஞ்ஞானிகளுக்கு ஒரு மாடியும் விழா அலுவலர் பிரிவுக்கு இரண்டு மாடியும் இருந்தன. தலைவர் எஞ்சினை முறைப்படி தொடங்கி வைக்க விரும்புகிறார் என்று அவர் சொன்னார். எஞ்சின்தான் ஏற்கெனவே ஓடுகிறதே என்றாள் பாதையக்கா.

“அதான் மேடம் பிரச்சினை,” என்றார் விழா அலுவலர். “ஓடுறதை எப்படித் தொடங்கி வைக்கிறது? மொதல்ல நிறுத்துங்க. நிறுத்தினாத்தானே தொடங்கி வைக்கலாம்.”

எஞ்சினை நிறுத்தி மறுபடி முடுக்குவதற்கு உண்மையில் மூன்று மணி நேரம் போதும். ஆனால் விழாப் பிரிவின் விதிப்புத்தகத்தில் எந்தத் தொடக்கவிழாவுக்கும் நான்கு நாள் என்று இருந்தது. முதல் நாள் நிறுத்த வேண்டும். இரண்டாம் நாள் ஒத்திகை. மூன்றாம் நாள் விழா. நான்காம் நாள், விழா நன்றாக நடந்ததா என்று பார்வையிடுவதற்கு. நிறுத்துவதற்கு மட்டும் விழா கிடையாது. அது பாதையக்காவின் வேலை.

கலத்தோடு பேசுகிற வேலை அண்டெனாக்காரருடையது. அதிகம் பேசாத மனிதர். பன்னிரண்டரைக் கோடி கிலோமீட்டருக்குச் செய்தி அனுப்பிப் பழகியதாலோ என்னவோ, பக்கத்தில் இருப்பவர்களிடம் பேசச் சலிப்பார். பாதையக்கா நிறுத்தச் சொன்னதும் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கட்டளையை அனுப்பினார்.

விழா நாளன்று தலைவர் மேடையேறி முக்கால் மணி நேரம் பேசினார். “இந்த எஞ்சினின் விசை ஒரு காகிதத்தின் கனம்தான் என்று சிலர் குறைவாகச் சொல்கிறார்கள்,” என்றார். “காகிதத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். முப்பத்திரண்டு வருடமாக இந்த வாரியத்தைக் காகிதம்தான் நகர்த்திக்கொண்டிருக்கிறது. நானே ஒரு காகிதத்தால்தான் இந்த இடத்துக்கு வந்தேன்.” கைதட்டினார்கள். அவர் பொத்தானை அமுக்கினார்.

ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது. செய்தி போய்ச் சேர ஏழு நிமிடம், சேர்ந்தேன் என்ற பதில் வர ஏழு நிமிடம். இதைப் பாதையக்கா எழுதிக் கொடுத்திருந்தாள். விழா அலுவலர் அதை நிகழ்ச்சி நிரலுக்கு அடியில் வைத்திருந்தார். தலைவர் மறுபடி அமுக்கினார். கட்டைவிரலை வைத்து அமுக்கினார். நாற்காலியிலிருந்து உறுப்பினர் ஒருவர் எழுந்து வந்து, தள்ளுங்கள் என்று தானும் அமுக்கினார். மொத்தம் பதினோரு தடவை. பதினோரு தடவையும் கட்டளை போய்க்கொண்டே இருந்தது. கலத்தில் இருந்த கணினி வரிசையாகப் பதினோரு கட்டளை வந்து விழுவதைப் பார்த்து, கீழே ஏதோ விபரீதம் என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு படுத்துவிட்டது. அதை எழுப்பி உட்கார வைக்க இரண்டு நாள் ஆயிற்று.

உபரி இருபத்தாறிலிருந்து இருபது ஆனது.

பாதையக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சாப்பிடும்போது இதைக் கேட்டுவிட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. எல்லாக் கட்டடத்திலும் இதே கதைதான் என்றார். பத்து தடவை அமுக்கினால் லிஃப்ட் பத்து மடங்கு சீக்கிரம் வரும் என்று நினைக்காத மனிதரை அவர் தன் சேவையில் பார்த்ததில்லை. நினைக்காதவர்கள் படிக்கட்டில் போகிறார்கள்.

அடுத்த வாரம் பாதையக்காவுக்கு ஒரு குறிப்பாணை வந்தது. தலைவர் பொத்தானை அமுக்கியும் பதினான்கு நிமிடம் தாமதம் ஏற்பட்டதற்கு யார் பொறுப்பு என்று கேட்டிருந்தார்கள். ஒளி போகிற வேகம் அவ்வளவுதான், ரேடியோச் செய்தியும் அதே வேகத்தில்தான் போகும் என்று அவள் நான்கு வரியில் பதில் எழுதினாள். கோப்பு திரும்பி வந்தது. ஓரத்தில் பச்சை மையில், ‘ஒளியின் மேற்படி வேகத்துக்கு வாரியம் ஒப்புதல் அளித்த ஆணையின் நகலை இணைக்கவும்’ என்று இருந்தது. அப்படியொரு ஆணை இல்லை என்று அவள் எழுதினாள். ‘எனில் எந்த அதிகாரத்தின் கீழ் அது அந்த வேகத்தில் செல்கிறது?’ என்று வந்தது. இதற்கு அவள் பதில் எழுதவில்லை. ஆரம்பத்தில் இப்படி ஏதாவது வந்தால் அவளுக்குக் காது சூடாகும். இப்போது படித்தாள், மூடினாள், அலமாரியில் வைத்தாள். காதில் ஒன்றும் தெரியவில்லை.

தாமதப் பிரச்சினையை விழாப் பிரிவே தீர்த்துவிட்டது. மேடையில் ஒரு பச்சை விளக்கு வைத்தார்கள். பொத்தானை அமுக்கினால் உடனே எரியும். எஞ்சின் பிற்பாடு ஓடிக்கொள்ளட்டும்.

விளக்கு வந்ததும் பொத்தானுக்குக் கூட்டம் சேர்ந்தது. முதலில் துணைத்தலைவர் வந்தார். தான் தொடங்கி வைத்ததை நிறுத்திவிட்டு வேறொருவர் தொடங்கி வைத்ததால் தன் தொடக்கம் செல்லாமல் போய்விட்டது, அதை நேர்செய்ய வேண்டும் என்றார். நான்கு நாள். பிறகு துறை அமைச்சர். நான்கு நாள். அவர் விளக்கு எரிந்ததும், “இதுதான் எஞ்சினா? நல்லா எரியுதே,” என்று பாராட்டிவிட்டுப் போனார். பிறகு முதலாம் ஆண்டு நிறைவு. உறுப்பினர்கள் ஏழு பேரும் ஒரே நேரத்தில் அமுக்குவதற்காகத் தாம்பாளம் அளவுக்கு ஒரு பொத்தான் செய்தார்கள். அதற்கும் நான்கு நாள். உபரி எட்டு.

ஒவ்வொரு தடவையும் பாதையக்கா ஒரு குறிப்பு எழுதினாள். இத்தனை நாள்தான் மிச்சம், இனி நிறுத்தினால் கலம் கோளைப் பிடிக்காது, அதே கோளும் அதே கலமும் மறுபடி அருகில் வரப் பதினேழு வருடம் ஆகும், அதுவரை வாயு இருக்காது. குறிப்பு ஒவ்வொரு மாடியாக ஏறி இறங்கி, ‘பார்த்தேன்’ என்ற ஒன்பது கையெழுத்தோடு வந்தது. பதினேழு வருடத்தில் தான் எங்கே இருப்போம் என்று ஒரு நாள் அவள் யோசித்தாள். ஓய்வு பெற ஒன்பது வருடம்தான் இருந்தது. யோசனை அதற்குமேல் ஓடவில்லை.

ஆண்டு நிறைவு முடிந்த மாதம் பராமரிப்புப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. வாரியத்துக்குச் சொந்தமான, தொடர்ந்து இயங்கும் எந்த இயந்திரமும் வருடத்துக்கு ஒரு முறை நான்கு நாள் நிறுத்திப் பரிசோதிக்கப்பட வேண்டும் என்பது விதி. கீழ்த்தளத்தில் இருக்கிற ஜெனரேட்டருக்காக எழுதிய விதி அது. ஆனால் விதியில் ஜெனரேட்டர் என்ற சொல் இல்லை. எஞ்சினை நிறுத்தினார்கள். பராமரிப்புக்காரர் கையில் எண்ணெய்க் குப்பியும் பழைய துணியுமாக மூன்றாவது மாடிக்கு வந்து, வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டார். பாதையக்கா ஜன்னல் வழியாக வானத்தில் சுமாராக ஒரு பக்கத்தைக் காட்டினாள். அவர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் அந்தப் பக்கமே பார்த்தார். பிறகு படிவத்தில் ‘எண்ணெய்க் கசிவு காணப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அது உண்மைதான்.

உபரி நான்கு. அதற்கடுத்து சூரியனிலேயே ஒரு புயல் வந்து, கலம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மூன்று நாள் எஞ்சினை நிறுத்திக்கொண்டது. எதற்காகப் பாதையக்கா உபரி வைத்தாளோ அதற்காகச் செலவானது அந்த மூன்று நாள் மட்டும்தான்.

மிச்சம் ஒன்று.

அப்போதுதான் தலைவருக்கு ஓய்வு பெறும் நாள் வந்தது. போவதற்குமுன் கடைசியாக ஒரு முறை எஞ்சினைத் தொடங்கி வைத்துவிட்டுப் போக ஆசைப்பட்டார். ஆணையில் பத்தொன்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பாதையக்கா அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

கணவர் ஒரு பழைய லிஃப்டின் பொத்தான் பலகையை உணவு மேஜையில் பிரித்துப் போட்டிருந்தார். அவள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொத்தானுக்குப் பின்னால் மட்டும் ஒயரே இல்லை. அறுந்துவிட்டதா என்று கேட்டாள்.

“இது கதவு மூடுற பட்டன். நான் பார்த்த லிஃப்ட்ல பாதிக்கு இதுக்கு ஒயரே கிடையாது,” என்றார் அவர். “கதவு அது பாட்டுக்கு நேரத்துக்கு மூடிக்கும். ஆனா அமுக்குறதுக்கு ஒண்ணு வேணும்ல. அமுக்கினா அவங்களுக்கு மனசு ஆறும்.”

பாதையக்கா அந்தப் பொத்தானை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்தாள். நன்றாகத்தான் அமுங்கியது.

மறுநாள் அண்டெனாக்காரர் நிறுத்தும் கட்டளையைத் தட்டி வைத்துவிட்டு, அனுப்பவா என்று கேட்டார்.

“வேண்டாம்,” என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். “தொடங்குறது?”

“அதுவும் வேண்டாம். பச்சை விளக்கு மட்டும் எரியட்டும்.”

அண்டெனாக்காரர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார். அவ்வளவுதான் அவர் சொன்ன அபிப்பிராயம்.

நான்கு நாள் விழா நடந்தது. ஒத்திகை பார்த்தார்கள். தலைவர் பொத்தானை அமுக்கினார். விளக்கு எரிந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “என் கைபட்டு இந்த எஞ்சின் மறுபடி உயிர் பெற்றதை நான் உணர்கிறேன்,” என்றார். மேலே, இருபத்தோரு கோடி கிலோமீட்டருக்கு அப்பால், எஞ்சின் ஒரு விநாடிகூட நிற்காமல் நீலமாக எரிந்துகொண்டிருந்தது. கூட்டத்தின் கடைசி வரிசையில் பாதையக்காவும் கைதட்டினாள். சந்தோஷமாக இருந்ததா என்று பிற்பாடு கணவர் கேட்டபோது, அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது ஊசி குத்துகிற மாதிரி ஏதோ இருந்தது என்றாள்.

இரண்டு மாதம் அப்படியே போனது. பிறகு தணிக்கை வந்தது.

தணிக்கையர் பழுதில்லாத மனிதர். இரண்டு பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். விழாக் கோப்பின்படி எஞ்சின் நான்கு நாள் நின்றிருந்தது. கலத்திலிருந்து வந்த தகவலின்படி அந்த நான்கு நாளும் ஓடியிருந்தது. இரண்டில் ஒன்று தவறு. விழாக் கோப்பில் பத்தொன்பது கையெழுத்து இருந்தது. கலத்தின் தகவலில் ஒரு கையெழுத்துகூட இல்லை. ஆகவே தவறு எஞ்சின் மேல் என்று முடிவானது. அனுமதியில்லாமல் நான்கு நாள் இயங்கியிருக்கிறது.

விசாரணை ஒரு நீளமான மேஜையில் நடந்தது. அண்டெனாக்காரரை முதலில் கூப்பிட்டார்கள். பாதை மேடம் அனுப்ப வேண்டாம் என்றார், அதனால் அனுப்பவில்லை என்றார் அவர். சொன்னதைச் செய்பவர் என்று அவருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். அடுத்து பாதையக்கா. விசாரணை அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார்.

“நிறுத்தச் சொன்ன எஞ்சினை ஏன் நிறுத்தல, மேடம்?”

“நிறுத்தினா போய்ச் சேராது சார். ஒரு நாள்தான் மிச்சம் இருந்துச்சு.”

“போய்ச் சேர்றது உங்க பொறுப்பா?”

“பாதை என் பொறுப்பு சார்.”

“பாதைன்னா போற வழி. போய்ச் சேர்றது வேற பிரிவு.”

“அது எந்தப் பிரிவு சார்?”

அதிகாரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவர் ஒரு தாளைப் புரட்டினார். “இன்னும் அமைக்கல,” என்றார்.

தண்டனை என்று எதுவும் கொடுக்கவில்லை. வாரியம் பழிவாங்குகிற இடம் இல்லை என்று புதிய தலைவர் சொன்னார். பதிவேடுகள் ஒத்துப்போனால் போதும். எஞ்சின் நான்கு நாள் கூடுதலாக ஓடியிருக்கிறது. இப்போது நான்கு நாள் நிறுத்தினால் கணக்கு நேராகிவிடும். அவ்வளவுதான் விஷயம். இதில் யாருக்கும் நஷ்டமில்லை. நிறுத்தும் கட்டளையைப் பாதையக்காவே தர வேண்டும், ஏனென்றால் நிறுத்துவது அவள் வேலை.

அவள் ஒரே ஒரு குறிப்பு எழுதினாள். இந்தத் தடவை ஒரு வரிதான். ‘நான்கு நாள் நிறுத்தினால் கலம் கோளைச் சென்றடையாது.’ அரை நாளில் திரும்பி வந்தது. புதிய தலைவர் சுறுசுறுப்பானவர். ‘பார்த்தேன்’ என்பதற்குப் பதிலாக ‘கவனமாகப் பார்த்தேன்’ என்று எழுதியிருந்தார்.

பாதையக்கா நாற்காலியை இழுத்து அண்டெனாக்காரர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அனுப்பவா என்று அவர் கேட்கவில்லை. அவள்தான் அனுப்புங்கள் என்றாள். அனுப்பிவிட்டு அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். செய்தி போக இப்போது பன்னிரண்டு நிமிடம். அந்தப் பன்னிரண்டு நிமிடமும் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்று இருவருக்கும் தெரியும். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னொரு பன்னிரண்டு நிமிடம் கழித்து, நின்றுவிட்டேன் என்று பதில் வந்தது. பாதையக்கா பதிவேட்டில் எழுதினாள். கையெழுத்து எப்போதும்போல் குண்டு குண்டாகத்தான் இருந்தது.

“அழுதியா?” என்று கணவர் கேட்டார்.

“இல்ல. காபி குடிச்சேன்.”

அவர் அவள் தட்டைத் தானே எடுத்துக் கழுவி வைத்தார்.

நான்கு நாள் கழிந்து கணக்கு நேரானதும், விழா இல்லாமலே எஞ்சினை மறுபடி முடுக்கினார்கள். கலம் குறிப்பிட்ட இடத்துக்கு மூன்று நாள் பின்தங்கிப் போய்ச் சேர்ந்தது. கோள் போய்விட்டிருந்தது. கடைசிப் படத்தில் அது ஒரு மிளகு அளவுக்குத் தெரிந்தது. அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாரியத்தின் வாசலில் மாட்டினார்கள். புதிய தலைவர் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டுப் பேசினார். “தோல்வி என்று யாரும் சொல்ல வேண்டாம். நாம் போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டோம். நம் கலம் அங்கே இருந்தது, அதற்குப் படம் இருக்கிறது. கோள்தான் அங்கே இல்லை. அது ஏன் வரவில்லை என்பதை ஆராய ஒரு குழு அமைத்திருக்கிறோம். நம் பக்கத்தில் எல்லா ஆவணங்களும் சரியாக இருக்கின்றன.”

குழுவின் அறிக்கையை எழுதும் பொறுப்பு பாதையக்காவுக்கு வந்தது, கோளின் போக்கு தெரிந்த ஆள் அவள்தான் என்பதால். ‘கோளின் வருகையின்மை குறித்து’ என்று தலைப்பு அவர்களே கொடுத்திருந்தார்கள். அவள் நாற்பது பக்கம் எழுதினாள். கோள் தன் பாதையிலிருந்து ஓரடிகூட விலகவில்லை என்பதை அட்டவணை போட்டு விளக்கினாள். குழு அதை ஏற்றுக்கொண்டு, கோள் ஒத்துழைக்க மறுத்தது உறுதியாகிறது என்று முடிவுரை சேர்த்தது.

இனி எஞ்சினை நிறுத்த வேண்டும். போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. நிறுத்த ஆணை கேட்டுப் பாதையக்கா கோப்பு அனுப்பினாள். திட்டம் முடிந்த பிறகு நிறுத்துவதென்றால் அது நிரந்தர நிறுத்தம், அதற்கு நிறைவு விழா வேண்டும், பெரியவர் ஒருவர் வந்து பொத்தானை அமுக்க வேண்டும் என்று விழா அலுவலர் சொன்னார். தலைவரைக் கேட்டார்கள். அவருக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்தது. எந்த நாளைச் சொன்னாலும் அன்றைக்கு வேலை இருந்தது. துணைத்தலைவருக்கு முதுகுவலி. உறுப்பினர்கள் ஏழு பேரும் ஆளுக்கொரு பக்கம் சுற்றுப்பயணத்தில் இருந்தார்கள். அமைச்சர், எந்த எஞ்சின் என்று கேட்டார். தாம்பாளப் பொத்தான் மேடைக்கடியில் கிடந்தது. அதன் பக்கம் யாரும் போகவில்லை.

அன்றிலிருந்து எஞ்சின் ஒரு நாள்கூட நிற்கவில்லை. இன்னும் ஒன்றரை வருடத்துக்கு வாயு இருக்கிறது. பலகைகளில் வெயில் விழுகிறது. ஒரு தாளின் கனத்தோடு அது ஒன்றுமில்லாத திசையில் வேகம் கூடிக்கொண்டே போகிறது. பாதையக்கா காலையில் வருகிறாள், தேதி போடுகிறாள், ‘இயங்குகிறது’ என்று எழுதுகிறாள். அண்டெனாக்காரர் இரண்டு கோப்பையில் காபி கொண்டுவந்து ஒன்றை அவள் பக்கம் தள்ளி வைக்கிறார். இவ்வளவு சீராக ஓடுகிற எஞ்சினை வாரியம் இதுவரை பார்த்ததில்லை.